வாயில்லாத காவல்காரன்

1. குட்டன் வந்தான்

கேரளத்தின் தெற்கு ஓரத்தில் உள்ள ஊர் குளத்தூர். நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்தது. பக்கத்தில் பொழியூர், பூவாறு, பாறசாலை. சிறிது தூரம் போனால் தமிழ்நாடு. இந்த எல்லை ஊர்களில் தமிழும் மலையாளமும் கலந்து கேட்கும். தமிழில் நாய் என்பார்கள். மலையாளத்தில் பட்டி என்பார்கள். இரண்டும் ஒரே காவல்காரன்தான்.

குளத்தூரில் ஒரு வீடு. வீட்டைச் சுற்றித் தென்னை மரங்கள். வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். பேரன் அவரை 'அம்மச்சி' என்று அழைப்பான். அம்மச்சி சிறு வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. 52 வயதில்தான் எழுத்துப் படித்தார். இப்போது பஸ் பலகை படிப்பார். ரேஷன் கார்டு படிப்பார்.

ஒரு நாள் பேரன் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தான். அதற்கு 'குட்டன்' என்று பெயர் வைத்தான்.

குட்டனுக்கு வயிறு மட்டும் பெரிதாக இருந்தது. முதுகெலும்பு தெரிந்தது. முடி பளபளப்பாக இல்லை.

"நல்லா சாப்பிடுது அம்மச்சி. தொப்பை போட்டிருக்கு" என்றான் பேரன்.

அம்மச்சி சிரிக்கவில்லை. "இது சோத்துத் தொப்பை இல்ல மக்கா. பூச்சித் தொப்பை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்" என்றார்.

2. வயிற்றில் பூச்சி

கால்நடை மருத்துவமனையை ஊரில் 'மாட்டாஸ்பத்திரி' என்பார்கள். அங்கே மாட்டுக்கு மட்டும் வைத்தியம் இல்லை. ஆடு, கோழி, நாய், பூனை எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு.

டாக்டரம்மா குட்டனைப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் சொன்னது சரி. குட்டிகளுக்குத் தாயிடமிருந்தே பூச்சி வரும். வயிற்றில் இருக்கும்போதே வரும். தாய்ப்பாலிலும் வரும்" என்றார்.

குட்டனுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். குட்டிக்கு 3 மாதம் ஆகும் வரை 2 வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறை. அதற்குப் பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை. மருந்தின் அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது. அதனால் டாக்டரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

நாயின் பூச்சி மனிதருக்கும் வரும். நாய் மலத்தில் பூச்சியின் முட்டை இருக்கும். அது மண்ணில் கலக்கும். குழந்தை மண்ணில் விளையாடி, கை கழுவாமல் சாப்பிட்டால் முட்டை வயிற்றுக்குள் போகும். கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே உள்ளே நுழையும். எனவே நாயின் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைக்க வேண்டும். முற்றத்தில் செருப்புப் போட்டு நடக்க வேண்டும். நாயைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

3. அம்மச்சி படித்த அட்டை

டாக்டரம்மா ஓர் அட்டை கொடுத்தார். அதில் தடுப்பூசி போட வேண்டிய தேதிகள் இருந்தன. எழுத்து எல்லாம் இங்கிலீஷ். பேரனுக்கே தடுமாறியது. ஆனால் எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதானே! அம்மச்சி தேதிகளைப் படித்துவிட்டார். வீட்டுக் காலண்டரில் அந்த நாட்களைச் சுற்றி வட்டம் போட்டார்.

குட்டிகளுக்கு இரண்டு வகைத் தடுப்பூசி முக்கியம்.

ஒன்று, பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி. குட்டிக்கு 6 முதல் 8 வாரம் ஆனதும் தொடங்க வேண்டும். 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை மீண்டும் போட வேண்டும். குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை இப்படிப் போட வேண்டும்.

இரண்டாவது, வெறிநோய்த் தடுப்பூசி. முதல் ஊசி 3 மாத வயதில். அடுத்த ஊசி எப்போது என்று டாக்டர் அட்டையில் எழுதித் தருவார். பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். ஓர் ஆண்டு விட்டாலும் காவல் போய்விடும்.

4. தினமும் ஒரு பார்வை

நாய்க்கு வாய் உண்டு. ஆனால் 'எனக்கு வலிக்கிறது' என்று சொல்லத் தெரியாது. அதன் உடம்புதான் பேசும். நாம்தான் படிக்க வேண்டும்.

அம்மச்சி தினமும் காலையில் குட்டனைப் பார்ப்பார்.

கண் தெளிவாக இருக்கிறதா? பீளை கட்டியிருக்கிறதா?

மூக்கில் சளி ஒழுகுகிறதா?

உதட்டைத் தூக்கினால் ஈறு எப்படி இருக்கிறது? இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு. மஞ்சளாக இருந்தால் மஞ்சள் காமாலை.

காதில் நாற்றம் வருகிறதா? தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறதா?

மலம் எப்படி? சிறுநீர் என்ன நிறம்?

நேற்று சாப்பிட்டது போல் இன்றும் சாப்பிட்டதா?

நாயின் மூக்கு உலர்ந்திருந்தால் காய்ச்சல் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு உலர்ந்திருக்கும். நாயின் உடம்பு நம் உடம்பைவிடச் சற்றுச் சூடாகவே இருக்கும். 101 முதல் 102.5 டிகிரி வரை அதற்கு இயல்பு. காய்ச்சல் உண்டா என்பதைத் தெர்மாமீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும்.

காய்ச்சல் என்று நினைத்து நாம் சாப்பிடும் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. நமக்கு மருந்து, அதற்கு விஷமாகலாம்.

5. அடிக்கடி வரும் நோய்கள்

உண்ணி: காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்தில் ஒட்டியிருக்கும். ரத்தம் குடிக்கும். அதோடு ரத்தத்தில் நோய்க் கிருமியையும் விடும். அப்போது நாய்க்குக் காய்ச்சல் வரும். ஈறு வெளுக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகலாம். மூக்கில் ரத்தம் வரலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும். உண்ணியை இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்து எடுக்கலாம். விரலால் நசுக்கக் கூடாது. சிலர் மண்ணெண்ணெய் தேய்க்கிறார்கள். சிலர் வாழைக்கு அடிக்கும் பூச்சி மருந்தைத் தெளிக்கிறார்கள். நாய் உடம்பை நக்கும். மருந்து வயிற்றுக்குள் போகும். நாய் செத்துவிடும்.

சொறி: நாய் ஓயாமல் சொறியும். முடி கொட்டும். தோல் தடிக்கும். ஒரு வகைச் சொறி நம் கையிலும் அரிப்பை உண்டாக்கும். டாக்டர் தரும் மருந்தைச் சொன்ன நாள் வரை போட வேண்டும். பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

ரத்தக் கழிச்சல்: இதை டாக்டர்கள் 'பார்வோ' என்பார்கள். 1978-ம் ஆண்டுவாக்கில் உலகின் பல நாடுகளில் பரவிய புதிய நோய் இது. 1980-களின் தொடக்கத்தில் சென்னைக் கால்நடை மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதினார்கள். குட்டி வாந்தி எடுக்கும். நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல் போகும். சில நாட்களில் சாகும். இதற்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே குளுக்கோஸ் ஏற்றினால் பிழைக்க வழி உண்டு. இந்தக் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும். ஒரு குட்டி செத்த இடத்தில் உடனே அடுத்த குட்டியை வளர்க்கக் கூடாது. இடத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவ வேண்டும்.

டிஸ்டம்பர்: முதலில் காய்ச்சல். கண்ணிலும் மூக்கிலும் சீழ் போல் ஒழுகும். இருமும். பிறகு வலிப்பு வரும். கால் வெட்டி வெட்டி இழுக்கும். வந்த பின் காப்பாற்றுவது கடினம். தடுப்பூசிதான் வழி.

எலிக்காய்ச்சல்: மழைக்காலத்தில் கேரளத்தில் மனிதருக்கு வரும் அதே நோய். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும். தோடும் வாய்க்காலும் நிரம்பும்போது நாய் அந்தத் தண்ணீரில் இறங்கும், குடிக்கும். நோய் வந்தால் காய்ச்சல், வாந்தி வரும். கண் மஞ்சளாகும். நோயுள்ள நாயின் சிறுநீர் வழியாக நமக்கும் வரும். அதைச் சுத்தம் செய்யும்போது கையுறை போட வேண்டும். நாய்க்குச் சோறு வைத்த தட்டை இரவில் கழுவி வைக்க வேண்டும். மிச்சச் சோறு எலியை அழைக்கும்.

6. எலும்பு மாட்டியதா?

ஒரு மழைக்கால மாலை. பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று கூப்பிட்டார்.

"அக்கா, கொஞ்சம் வாங்க. எங்க பட்டிக்குத் தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு. நீங்க பிடிச்சா, நான் கைய விட்டு எடுத்திருவேன்."

அம்மச்சி போய்ப் பார்த்தார். நாய் தென்னை மரத்தில் கட்டிக் கிடந்தது. கீழ்த்தாடை தொங்கியது. வாயிலிருந்து எச்சில் நூல் போல் வழிந்தது. பின்கால் தள்ளாடியது. குரைக்க முயன்றது. குரல் மாறி, ஊளை போல் வந்தது.

அம்மச்சி இரண்டு அடி தள்ளி நின்றார்.

"தம்பி, கைய எடு! கிட்டப் போகாத. இதுக்கு ஊசி போட்டியா?"

"வீட்டு நாய்தானே அக்கா. எதுக்கு ஊசி?"

"வெளி நாய் எதாவது கடிச்சுதா?"

பக்கத்து வீட்டுக்காரர் யோசித்தார். "ஒரு மாசம் முன்னாடி ஒரு தெருநாய் கடிச்சுது. புண் ஆறிப் போச்சே."

"உன்னைக் கடிச்சுதா?"

"கடிக்கல. நேத்து சோறு வைக்கும்போது பல் பட்டு லேசாக் கீறிச்சு. ரத்தம்கூட வரல."

அம்மச்சிக்குக் கை நடுங்கியது. மாட்டாஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த தாளை அவர் எழுத்துக் கூட்டிப் படித்திருந்தார். வெறிநோயில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் நாய் ஓடி ஓடிக் கடிக்கும். கல்லையும் குச்சியையும் மெல்லும். மற்றொன்றில் கடிக்காது. இருட்டில் ஒதுங்கும். தாடை தொங்கும். விழுங்க முடியாது. பார்த்தால் எலும்பு மாட்டியது போல இருக்கும். அந்த வாயில் கை விடுகிறவருக்கு ஆபத்து.

"குழாயைத் திற. சோப்பை எடு" என்றார் அம்மச்சி.

ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவ வைத்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி மஞ்சள் பொடி கொண்டு வந்தார். "வேண்டாம் பிள்ளே" என்று தடுத்தார் அம்மச்சி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி எதுவும் வைக்கக் கூடாது. புண்ணைக் கட்டவும் கூடாது.

"நாளைக்குப் போறேன் அக்கா. மழை கொட்டுது."

"மழை நாளைக்கும் பெய்யும் தம்பி. நீ நாளைக்கும் இருக்கணும். இப்பவே புறப்படு."

அன்று இரவே ஓர் ஆட்டோவில் பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

7. நான்கு எண்கள்

ஆஸ்பத்திரியில் புண்ணை மீண்டும் கழுவினார்கள். கையில் சிறிய ஊசி போட்டார்கள். கீறல் இருந்த இடத்தைச் சுற்றி இன்னொரு மருந்தை ஊசியால் ஏற்றினார்கள். தடுப்பூசி உடம்பில் வேலை செய்யச் சில நாட்கள் ஆகும். அதுவரை காக்க இந்த மருந்து. சில ஆஸ்பத்திரிகளில் இது இருக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தயங்காமல் போக வேண்டும்.

சீட்டில் நான்கு எண்கள் எழுதித் தந்தார்கள்: 0, 3, 7, 28.

முதல் ஊசி போட்ட நாள் 0. அதிலிருந்து 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் மீண்டும் ஊசி. அவருக்கு முதல் ஊசி ஜூன் 3-ம் தேதி. அடுத்தவை ஜூன் 6, ஜூன் 10, ஜூலை 1. அம்மச்சி இந்தத் தேதிகளையும் தம் காலண்டரில் எழுதிக்கொண்டார்.

நாயை யாரும் அடிக்கவில்லை. அருகில் போகவும் இல்லை. வேலிப் படலைச் சாத்தி, மாட்டாஸ்பத்திரிக்குச் சொன்னார்கள். மூன்றாம் நாள் நாய் செத்தது. டாக்டரம்மா சோதனைக்கு ஏற்பாடு செய்தார். திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் மாநில விலங்கு நோய் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து முடிவு வந்தது. நாய்க்கு வெறிநோய்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் நான்கு ஊசியும் போட்டுக்கொண்டார். நலமாக இருக்கிறார்.

வெறிநோய் மனிதருக்கு வந்துவிட்டால், தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும். காற்றுப் பட்டாலும் உடம்பு துடிக்கும். அதன் பிறகு குணமாக்க மருந்து இல்லை. ஆனால் உடனே கழுவி, முறையாக ஊசி போட்டால் நோய் வராமல் தடுக்கலாம். கழுவாமல் ஊசி மட்டும் போட்டால் போதாது. ஊசி போடாமல் கழுவினால் மட்டும் போதாது. இரண்டும் வேண்டும்.

8. குன்னூரில் ஒரு நிறுவனம்

இந்த ஊசிக்கு ஒரு வரலாறு உண்டு. 1885 ஜூலை 6-ம் தேதி. பாரிஸ் நகரம். வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு லூயி பாஸ்டர் கண்டுபிடித்த மருந்து ஊசியாகப் போடப்பட்டது. சிறுவன் பிழைத்தான்.

நம் நாட்டில் முதலில் வடக்கே, இமயமலைப் பக்கம் உள்ள கசௌலியில் இந்த வைத்தியம் கிடைத்தது. தெற்கிலிருந்து அங்கே போய்ச் சேருவது எளிதல்ல. 1907-ல் நீலகிரி மலையில் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. தென்னாட்டு மக்களுக்கு வைத்தியம் பக்கத்தில் வந்தது.

அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி வரை போட்டார்கள். அந்தப் பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அந்த மருந்து இப்போது இல்லை. இன்று கையில் போடும் சிறிய ஊசிதான்.

ஆனாலும் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலும் நாய் மூலமே நோய் வருகிறது. கடிபடுகிறவர்களில் 100-க்கு 40 பேர் 15 வயதுக்குக் குறைந்த குழந்தைகள். 2022-ம் ஆண்டில் கேரளத்தில் மட்டும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் மாநிலம் முழுவதும் நாய்களுக்குத் தடுப்பூசி போடும் இயக்கம் நடந்தது.

குழந்தைகள் சில சமயம் கடிபட்டதை மறைப்பார்கள். திட்டுவார்கள் என்று பயப்படுவார்கள். ஆகவே குழந்தையைத் திட்டக் கூடாது. 'நாய் நக்கினாலும், கீறினாலும், உடனே வந்து சொல்' என்று பழக்க வேண்டும். பூனை கீறினாலும் இப்படித்தான்.

9. ஊராட்சி அலுவலகத்தில்

செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு நாள். 1895-ல் லூயி பாஸ்டர் இறந்த நாள் அது.

அன்று காலை அம்மச்சி குட்டனை நடத்திக் கொண்டு புறப்பட்டார். அது ஆண்டு ஊசி போட வேண்டிய நாள். வேலியோரம் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். அவர் கையில் ஒரு புதிய குட்டி.

"அக்கா, இதுக்கு மூணு மாசம் ஆயிட்டு. நானும் வாறேன்."

இருவரும் மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அங்கிருந்து ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். கேரளத்தில் நாய் வளர்க்க ஊராட்சியில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1998-ம் ஆண்டு விதி இதைச் சொல்கிறது. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சான்று காட்டினால்தான் லைசென்ஸ் கிடைக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் தம் குட்டியின் அட்டையை நீட்டினார்.

"அடுத்த ஊசி என்னைக்குன்னு பாருங்க அக்கா."

அம்மச்சி அட்டையைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்தார்.

"எண்ணுதானே தம்பி. நீயே படி."

அவர் விரல் வைத்து, ஒவ்வோர் எண்ணாகப் படித்தார்.

நினைவில் வையுங்கள்

• குட்டி வந்ததும் பூச்சி மருந்து. பிறகு தடுப்பூசி.
• வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டும். அட்டையைப் பத்திரமாக வைக்க வேண்டும்.
• தாடை தொங்கி எச்சில் வழியும் நாயின் வாயில் கை விடக் கூடாது.
• கடித்தாலும், கீறினாலும், புண்ணில் நக்கினாலும், சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
• 4 ஊசியில் ஒன்றையும் விடக் கூடாது.

பயிற்சி

விடை எழுதுங்கள்:
1. குட்டனின் வயிறு ஏன் பெரிதாக இருந்தது?
2. நாயின் ஈறு மஞ்சளாக இருந்தால் என்ன பொருள்?
3. பக்கத்து வீட்டுக்காரர் நாயின் வாயில் கை விடுவதை அம்மச்சி ஏன் தடுத்தார்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்:
1. கடித்த இடத்தை ______ நிமிடம் கழுவ வேண்டும்.
2. ஊசி போடும் நாட்கள்: 0, ____, 7, ____.

கணக்கு:
ஒருவர் ஆகஸ்ட் 1-ம் தேதி முதல் ஊசி போட்டார். அடுத்த மூன்று ஊசிகள் எந்தத் தேதிகளில்?

செய்து பாருங்கள்:
உங்கள் வீட்டில் நாய் இருந்தால் அதன் அட்டையை எடுங்கள். அடுத்த ஊசி நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அட்டை இல்லையென்றால் இந்த வாரமே மாட்டாஸ்பத்திரிக்குப் போய் வாருங்கள்.